‘ரிமெம்பர் வென்’: பல்லவி இல்லாத ஒரு கல்யாணப் பாட்டு

ஒரு காரிலிருந்து தொடங்குவோம். 1955ஆம் வருடத்து ஃபோர்டு தண்டர்பேர்ட். அந்தப் பெயரில் ஃபோர்டு கம்பெனி விற்ற முதல் வருடத்து வண்டி அது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து நியூனன் என்ற சின்ன ஊரில், 15 வயதுப் பையன் ஒருவன் அதைப் பழைய வண்டியாக வாங்கி, மெக்கானிக்கான அப்பாவோடு உட்கார்ந்து பழுது பார்த்து ஓட வைத்தான். கல்யாணம் ஆனதும் அதே வண்டியை விற்றான். வந்த பணம் வீட்டுக்கு முன்பணமாகப் போனது. 1993 கிறிஸ்துமஸுக்கு அவனுடைய மனைவி, அந்த வண்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பிடித்து, திரும்ப வாங்கிப் பரிசாகக் கொடுத்தார்.

அந்தப் பையன்தான் ஆலன் ஜாக்சன், கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய வகை இசையின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். மனைவி டெனிஸ். இந்தக் கட்டுரை கார் பற்றியது இல்லை; 2003 அக்டோபரில் ஜாக்சன் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளியிட்ட ‘ரிமெம்பர் வென்’ என்ற நாலரை நிமிடப் பாட்டைப் பற்றியது. ஆனாலும் கார்க் கதையை முதலில் சொல்லிவைக்கக் காரணம் உண்டு. அந்தப் பாட்டின் நடுவில், காதல் பாட்டுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப் சொல் வருகிறது. எனக்கு இந்தப் பாட்டே அந்தச் சொல்லில்தான் திறந்துகொண்டது.

முதலில் குடும்பக் கதை. ஜாக்சன் பிறந்தது 1958இல். 4 அக்காக்களுக்குப் பிறகு ஒரே பையன். தாத்தாவின் கருவிகள் வைக்கும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி வீடாக்கிய இடத்தில்தான் அவர் வளர்ந்தார். டெனிஸும் அதே ஊர்தான். ஊரில் இருந்த டெய்ரி குவீன் ஐஸ்கிரீம் கடையில் பள்ளிப் பருவத்திலேயே பழக்கம். 1979 டிசம்பர் 15ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளைக்கு 21 வயது, பெண்ணுக்கு 19.

அடுத்த சில வருடங்கள் சாதாரண இளம் தம்பதியின் வருடங்கள். அவர் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, மாலையில் பாடிக்கொண்டிருந்தார். டெனிஸ் விமானப் பணிப்பெண் ஆனார். கதை திரும்பியது அவரால்தான். அட்லாண்டா விமான நிலையத்தில் ஒருநாள் அவர் பாடகர் க்ளென் கேம்பலைப் பார்த்தார். நேரே போய், என் வீட்டுக்காரர் பாட்டு எழுதுவார், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கேம்பல் தன்னுடைய பாட்டுப் பதிப்பு நிறுவனத்தின் கார்டைக் கொடுத்தார். 1985இல் இருவரும் மூட்டை முடிச்சோடு, கன்ட்ரி பாட்டுத் தொழிலின் தலைமையிடமான நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜாக்சனுக்கு முதலில் கிடைத்தது ஒரு டிவி நிறுவனத்தின் தபால் பிரிவில் வேலை. டெனிஸ் தொடர்ந்து பறந்தார். வீடு ஓடியது அந்தச் சம்பளத்தில். நான்கு வருடம் கழித்துத்தான், அப்போது நாஷ்வில்லில் புதிதாகக் கடை விரித்த அரிஸ்டா இசைத்தட்டு நிறுவனம் ஜாக்சனைச் சேர்த்துக்கொண்டது. 1990இல் முதல் ஆல்பம் வந்தது, அதே வருடம் முதல் மகளும் பிறந்தாள். இரண்டாவது மகள் 1993, மூன்றாவது மகள் 1997.

1998இல் பிரிந்தார்கள். செய்தித்தாளில் வந்தது, ஊருக்கே தெரிந்தது. சில மாதங்கள்தான். அதே வருடத்துக்குள் மறுபடி சேர்ந்துவிட்டார்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இதற்குள் வீட்டுக்காக எழுதிய ஒரு பாட்டு ஏற்கெனவே ஹிட் ஆகியிருந்தது. 10ஆவது கல்யாண நாளுக்காக மனைவிக்கு எழுதிய ‘ஐ’ட் லவ் யூ ஆல் ஓவர் அகெய்ன்’ 1991இல் கன்ட்ரி பட்டியலில் முதல் இடத்துக்கு வந்தது. திரும்ப முதலிலிருந்து தொடங்கச் சொன்னாலும் உன்னையே காதலிப்பேன் என்கிற பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் அதில் கல்யாணம் என்பது ஒரே மாதிரி இருக்கும் பொருள். 10 வருடம் போனதன் தடம் அதில் இல்லை. ‘ரிமெம்பர் வென்’ வரும்போது 24ஆவது கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, ஜாக்சனுக்கு 45 வயது. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இடையில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் சொல்லாமலே ஊகிக்கலாம்.

பாட்டுக்குள்

நாஷ்வில்லில் பாட்டு எழுதுவது பெரும்பாலும் கூட்டு வேலை. காலையில் இரண்டு மூன்று பேர் ஒரு அறையில் கிடாரோடு உட்கார்வார்கள், மத்தியானத்துக்குள் ஒரு பாட்டு தேறிவிடும். பெரிய ஹிட்டுகளின் கீழே மூன்று நான்கு பெயர்கள் இருப்பது சகஜம். ‘ரிமெம்பர் வென்’ பாட்டின் கீழே ஒரே பெயர். வரி, மெட்டு இரண்டும் ஜாக்சன். தயாரிப்பு, முதல் ஆல்பத்திலிருந்தே கூட இருந்த கீத் ஸ்டீகால்.

கேட்டவுடன் உறைக்கும் விஷயம், இதில் பல்லவி இல்லை. கன்ட்ரி சிங்கிள் என்றால் வழக்கமான வார்ப்பு ஒன்று உண்டு: சரணத்தில் கதை, பல்லவியில் கொக்கி, வானொலி கேட்பவர் இரண்டாவது முறையே கூடச் சேர்ந்து பாடும்படி. இங்கே 6 சரணங்கள் மட்டும், ஒன்றன் பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் தலைப்பில் இருக்கும் அந்த இரண்டு சொற்களோடு தொடங்குகிறது. திரும்பத் திரும்ப வருவது அவ்வளவுதான். பல்லவி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பாட்டு அதே இடத்துக்கு வந்து நிற்கும். கல்யாணம் என்றால் இதுதான் என்று ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டு அடுத்த சரணத்துக்குப் போகும். இந்தப் பாட்டு எங்கேயும் நிற்பதில்லை. வருடங்கள் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது.

அந்த இரண்டு சொற்களைத் தமிழில் கொண்டுவர முயன்றால் ஒரு சிக்கல் வரும். ‘நினைவிருக்கிறதா?’ என்று கேள்வியாக்கலாம். ‘நினைத்துப் பார்’ என்று ஏவலாக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். நான் கேள்வியாகவே கேட்கிறேன், ஏனென்றால் பாட்டு முழுக்க எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுகிறது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்த ஒருவரிடம் தெரிந்த கதையைச் சொல்வதால்தான் எதற்கும் விளக்கம் இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்கப் போன பிறகு திண்ணையில் இரண்டு பேர் பேசுவதை நாம் தெருவில் நின்று ஒட்டுக்கேட்கிற மாதிரி.

முதல் சரணத்தில் அவர் தனி, அவள் தனி. நான் சின்னவன், நீயும் அப்படித்தான் என்று தொடங்குகிறது. ஒருவருக்கு ஒருவர் முதல் ஆள் என்பதையும், முதல் கூடலையும், அதற்குப் பிறகு அவள் அழுததையும் நான்கே வரியில் சொல்லிவிடுகிறது. கன்ட்ரி வானொலிக்கு இது துணிச்சலான இடம். கல்யாணச் சரணம் இன்னும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஏன் அழுதாள் என்று பாட்டு சொல்லவில்லை. நமக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, பேச்சு நம்மிடம் இல்லையே.

இரண்டாவது சரணம் கல்யாணம். சபதம் எடுத்தோம், நடந்தோம், தொடங்கினோம், கஷ்டமாக இருந்தது. இங்கிருந்து பாட்டு முடியும் வரை ‘நான்’ என்ற சொல்லே கிடையாது, ‘நீ’யும் கிடையாது. எல்லாம் ‘நாம்’. முதல் சரணத்தில் இரண்டு பேராக நின்றவர்கள் கோயில் வாசலைத் தாண்டியதும் இலக்கணத்திலேயே ஒன்றாகிவிடுகிறார்கள். ஆங்கிலக் காதுக்கு இது சட்டென்று தெரியாது, ஏனென்றால் அந்த மொழியில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ஒரே சொல். நமக்கு அந்த வேறுபாடு பழக்கம். அவர் சொல்வது எதிரில் இருக்கும் ஆளையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’. நம்மை, அதாவது கேட்கிற லட்சக்கணக்கான பேரை, வெளியே நிறுத்தும் ‘நாம்’. அப்படி வெளியே நின்று கேட்கும்போது நம் வீட்டு நினைப்பு தானாக வருகிறது. பாட்டு நம்மைக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது சரணத்துக்குத்தான் கார்க் கதையைச் சொன்னேன். பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், புதியவர்கள் பிறந்தார்கள் என்று ஆரம்பிக்கிறது. ஜாக்சனின் அப்பா இறந்தது 2000இல், ஆகவே அந்த வரி சும்மா போட்டது இல்லை. அடுத்த வரியில் வாழ்க்கை மாறியது என்று சொல்லிவிட்டு, அது ‘டிஸ்அசெம்பிள்ட்’ ஆனது, மறுபடி வேறு வரிசையில் அடுக்கப்பட்டது என்கிறார். டிஸ்அசெம்பிள் என்பது கவிஞர்கள் வாழ்க்கைக்குப் போடும் சொல் கிடையாது. இன்ஜினைப் பிரிக்கும்போது சொல்வது. பழைய சாக்கு ஒன்றை விரித்து, நட்டு, போல்ட், வாஷர் எல்லாம் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் பரப்பி வைத்திருக்கும் காட்சியை மெக்கானிக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வண்டி செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதை ஓட்டவும் முடியாது. அப்பாவோடு தண்டர்பேர்டைப் பழுது பார்த்த பையனுக்கு மட்டும் இயல்பாக வரக்கூடிய சொல் அது. வாழ்க்கை ‘உடைந்தது’ என்றிருந்தால் எல்லாப் பாட்டிலும் வருவதுதான்.

அதே சரணத்தின் கடைசியில் பிரிவு வருகிறது. சேர்ந்தோம், பிரிந்தோம், ஒருவர் மனதை ஒருவர் உடைத்தோம். அவ்வளவுதான். 1998 முழுவதும் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. இன்னொரு பாடலாசிரியர் என்றால் இங்கேதான் பாட்டையே கட்டியிருப்பார்: மழை, காலி வீடு, பெட்டியோடு வாசலில் நிற்கும் மனைவி. கன்ட்ரி இசையில் அந்தச் சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜாக்சன் பிரிவுக்குக் கொடுத்த இடம், பிறப்புக்குக் கொடுத்த இடத்தைவிட அதிகம் இல்லை. ஒன்றை மறைக்கவும் இல்லை, அதை வைத்துக் கடை நடத்தவும் இல்லை.

நான்காவது சரணத்தில் குழந்தைகளின் காலடிச் சத்தம். வாரா வாரம் நாம் ஆடியது அந்த இசைக்குத்தான் என்கிறார். காதல் திரும்பி வந்தது, நம்பிக்கை கிடைத்தது, இனி விடுவதில்லை என்று சபதம் எடுத்தோம். ‘சபதம்’ என்பதற்கு இரண்டாவது சரணத்தில் கல்யாண மேடையில் வந்த அதே வினைச்சொல்தான் இங்கேயும். பாட்டு முழுவதிலும் அது இந்த இரண்டு இடத்தில் மட்டும் வருகிறது: ஒருமுறை சர்ச்சில், ஊரார் முன்னால், இன்னொருமுறை, எனக்குத் தோன்றுவது, சமையலறையில், யாரும் பார்க்காமல். காலவரிசையைச் சரிபார்த்தால் இன்னொன்று தெரியும். வாழ்க்கையில் 3 மகள்களும் பிரிவுக்கு முன்பே பிறந்துவிட்டார்கள். பாட்டில் காலடிச் சத்தம் பிரிவுக்குப் பிறகு கேட்கிறது. ஆனால் கடைசி மகள் பிறந்தது 1997இல் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். அவள் நடை பழகும் பருவமும் வீடு பிரிந்து சேர்ந்த பருவமும் ஒன்றுதான். அவர் வரிசையை மாற்றினாரா, இல்லை உள்ளபடியே சொன்னாரா என்று இப்போது நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகு வாத்தியங்கள் மட்டும் கொஞ்ச நேரம். இந்த இடைவெளிக்குப் பின் சுருதி ஏறுகிறது. சுருதி ஏற்றுவது மலிவான வித்தை என்பது என் எண்ணம். கச்சேரியில் கைதட்டல் வாங்கப் போடுவது. இங்கே அது வேலை செய்வதற்குக் காரணம், ஏறியதும் அவர் சத்தத்தைக் கூட்டவில்லை. அதே நிதானக் குரலில், 30 வயது என்பதே கிழட்டு வயதாகத் தெரிந்தது நினைவிருக்கிறதா என்று ஐந்தாவது சரணத்தைத் தொடங்குகிறார். வீடு அதேதான், மாடியில் ஏறிப் பார்க்கிற மாதிரி.

ஆறாவது சரணம் எதிர்காலம். தலை நரைத்து, பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போன பிறகு, வருத்தப்பட மாட்டோம் என்று அப்போது சொல்லிக்கொண்டோமே என்கிறார். இந்த ஒரு சரணத்தில்தான் தலைப்புச் சொற்கள் திசை மாறுகின்றன. இதுவரை ‘நினைவிருக்கிறதா’ என்று இருந்தது, கடைசி வரியில் ‘நினைத்துப் பார்ப்போம்’ ஆகிவிடுகிறது. பாட்டு வந்தபோது கடைசி மகளுக்கு 6 வயது. யாரும் எங்கேயும் போகவில்லை.

சந்தையில்

இந்தப் பாட்டு வந்த இடமும் சொல்லத்தக்கது. 2003 ஆகஸ்டில் வந்த ஜாக்சனின் இரண்டாவது ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பில் புதிதாகச் சேர்த்த பாட்டுகளில் இது ஒன்று. தொகுப்பு ஆல்பம் என்பது பழைய சரக்கை மறுபடி விற்பது. ரசிகர்கள் ஏற்கெனவே வைத்திருப்பதைத் திரும்ப வாங்க வைக்கப் புதிய பாட்டு ஒன்றிரண்டைப் போடுவார்கள். ஆகவே அந்தப் புதிய பாட்டுகளைப் பெரும்பாலும் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. இந்தத் தொகுப்பிலோ இரண்டுமே முதல் இடம். முதலில் விட்டது, பாடகர் ஜிம்மி பஃபெட்டோடு சேர்ந்து பாடிய ‘இட்ஸ் ஃபைவ் ஓ’க்ளாக் சம்வேர்’. வேலை முடியும் நேரம் எங்கேயாவது ஆகியிருக்கும், ஊற்று ஒரு கிளாஸ் என்கிற குஷிப் பாட்டு. அது 8 வாரம் முதல் இடத்தில் இருந்தது. அடுத்து விட்டது இது. வெயில் காலம் முழுக்க ஊரைக் குடிக்க வைத்துவிட்டு, குளிர் காலத்தில் வீட்டுக்குக் கூட்டிப்போய் மனைவி எதிரில் உட்கார வைத்த மாதிரி. இந்த வரிசை கம்பெனியில் திட்டமிட்டு வந்ததோ, தற்செயலோ, நன்றாகத்தான் அமைந்தது.

‘ரிமெம்பர் வென்’ 2004 பிப்ரவரியில் பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்து 2 வாரம் இருந்தது. எல்லா வகை இசையும் கலந்த ‘ஹாட் 100’ பட்டியலில் 29ஆம் இடம் வரை போனது. எண்ணாகப் பார்த்தால் ஜாக்சனின் மற்ற ஹிட்டுகளோடு ஒப்பிடும்போது இது சுமார்தான். அந்தக் குளிர் காலத்தில் 7 வாரம் முதல் இடத்தில் இருந்தது பாடகர் கென்னி செஸ்னியின் ‘தேர் கோஸ் மை லைஃப்’. அதுவும் குடும்பப் பாட்டு: பள்ளி வயதில் தகப்பனாகப் போகிறவன் என் வாழ்க்கையே போச்சு என்று புலம்புவான், கடைசியில் அந்த மகள் வளர்ந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதே சொற்களை வேறு அர்த்தத்தில் சொல்வான். கெட்டிக்காரத்தனமான பாட்டு. முதல் முறை கேட்கும்போது அடிவயிற்றைப் பிடிக்கும். ஆனால் திருப்பம் தெரிந்த பிறகு அதில் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. ஜாக்சன் பாட்டில் திருப்பமே இல்லாததால் அது கெட்டுப்போகவும் இல்லை.

ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் புது மாப்பிள்ளை பெண் முதல் நடனம் ஆடவும் இதைப் போடுகிறார்கள், 50ஆவது கல்யாண நாளில் தாத்தா பாட்டியின் பழைய போட்டோக்களைத் திரையில் ஓட்டவும் இதைத்தான் போடுகிறார்கள். நேற்றுக் கல்யாணம் ஆனவர்கள் நடுவில் பிரிவு இருக்கும் பாட்டுக்கு ஆடுவது கொஞ்சம் விசித்திரம்தான். வரியைக் கவனிக்காமல் மெட்டுக்கு ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கணக்கு நேராகிறதா?

கல்யாணத்தைப் பாடுவது கன்ட்ரி இசைக்குப் புதிதல்ல. பாடுகிறவர் வாழ்க்கையும் பாட்டும் முட்டிக்கொள்வதும் புதிதல்ல. 1968இல் பாடகி டாமி வைனெட், தயாரிப்பாளர் பில்லி ஷெரிலோடு சேர்ந்து எழுதிப் பாடிய ‘ஸ்டாண்ட் பை யுவர் மேன்’ புருஷனை விட்டுக்கொடுக்காதே என்றது. அவருக்கே வாழ்நாளில் 5 கல்யாணம். அதே வருடம் அவர் பாடிய இன்னொரு ஹிட், பிள்ளைக்குப் புரியக்கூடாது என்று விவாகரத்து என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொல்லும் தாயைப் பற்றியது. அதற்காக அவர் பாட்டைப் பொய் என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. பாட்டு ஆசையைச் சொன்னது, வாழ்க்கை அதன் போக்கில் போனது.

ஜாக்சன் பாட்டின் பிரச்சினை வேறு மாதிரி. அது தன்னை நடந்த கதையாக முன்வைக்கிறது. அப்போது, நடந்தது அப்படித்தானா என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது. 2007இல் டெனிஸ் ஒரு நூல் எழுதினார். பிரிவுக்குப் பின்னால் கணவர் நம்பிக்கையை மீறியது இருந்தது என்பதை அதில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். கணவரையே உலகமாக நினைத்துத் தன்னைத் தொலைத்துக்கொண்டதாகத் தன் பக்கத்துக் குறையையும் எழுதினார். தலைப்பில் ‘எல்லாம் அவரைப் பற்றியதே’ என்று வரும். அந்த ‘அவர்’ கணவர் இல்லை, கடவுள். நூல் நன்றாக விற்றது.

அதைப் படித்துவிட்டு மூன்றாவது சரணத்துக்குத் திரும்பினால் ஒரு நெருடல் வரத்தான் செய்கிறது. ‘ஒருவர் மனதை ஒருவர் உடைத்தோம்.’ இருவருமா? சம அளவிலா? நான் மேலே பாராட்டிய அந்த ‘நாம்’ இங்கே ஒரு வசதியையும் செய்து கொடுக்கிறது: தவறு யாருடையது என்ற கேள்வியை இலக்கணத்துக்குள் புதைத்துவிடுகிறது. ‘நான் உன் மனதை உடைத்தேன்’ என்று எழுதியிருந்தால் இது மன்னிப்புப் பாட்டு ஆகியிருக்கும். அந்த வகைப் பாட்டுகளும் கன்ட்ரியில் மலிந்து கிடக்கின்றன, பெரும்பாலானவை பாடுகிறவனுக்கே ஆறுதல் தருபவை. ஆனாலும் சரி, பாட்டை எழுதியவர் அவர், ‘நாம்’ என்று தீர்மானித்ததும் அவர். அவளும் அந்தச் சொல்லைத்தான் தேர்ந்தெடுத்திருப்பாளா என்பதற்குப் பாட்டில் பதில் கிடையாது. எனக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும். இந்த இடம் மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இடிக்கும்.

பதிலுக்கு ஒன்று சொல்லலாம். ஜாக்சனுக்கு வீட்டு விஷயத்தைப் பாட்டாக்குவது பிழைப்பு உத்தி மட்டும் இல்லை. 2002இல் வந்த ‘டிரைவ்’ இறந்துபோன அப்பாவுக்கு. 2006இல் வந்த ‘பிரஷஸ் மெமரிஸ்’ பக்திப் பாட்டு ஆல்பம், அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பதிவு செய்தது; வெளியிடும் எண்ணமே முதலில் இல்லை. அந்தத் தண்டர்பேர்டுக்கும் ‘ஃபர்ஸ்ட் லவ்’ என்று ஒரு பாட்டு உண்டு. இவரிடம் பாட்டு முதலில் வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம்தான் கடைக்கு வருகிறது. வீட்டில் ஒருவர் முன்னால் பாடிக்காட்ட வேண்டியிருந்தால், கேட்கிறவர் ஒத்துக்கொள்ளாத ‘நாம்’ அவ்வளவு எளிதாக வாயில் வராது. இது ஊகம்தான். ஆனால் பாட்டு வந்த பிறகும் அந்தக் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஊகமில்லை.

பிறகு

ஆறாவது சரணம் சொன்னது ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். 2021 மே மாதம் வந்த ‘வேர் ஹேவ் யூ கான்’ ஆல்பத்தில் இரண்டு பாட்டுகளுக்குத் தலைப்பின் ஓரத்திலேயே மகள்களின் கல்யாணங்களுக்காக எழுதியது என்று குறிப்பு இருக்கிறது. அதே வருடம் செப்டம்பரில், தனக்குச் சார்கோ-மேரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோய் இருப்பதை ஜாக்சன் வெளியே சொன்னார். அப்பாவிடமிருந்து வந்தது. உயிரைக் குடிக்காது, ஆனால் மேடையில் நிற்கும்போது கால் தடுமாறும். 2025 மே 17ஆம் தேதி மில்வாக்கியில் அவருடைய கடைசிச் சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரி நடந்தது. 2017இலேயே கன்ட்ரி இசையின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

இடையில் ஒன்றை விட்டுவிட்டேன். 2010 டிசம்பரில், 31ஆவது கல்யாண நாள் நெருங்கும் நேரத்தில், டெனிஸுக்குக் குடல் பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை எடுத்தார், தேறிவிட்டார். அந்த நாட்களைப் பற்றி ஜாக்சன் எழுதிய பாட்டு 2012 ஜூனில் வந்த ‘தர்ட்டி மைல்ஸ் வெஸ்ட்’ ஆல்பத்தில் இருக்கிறது. அதை அவர்கள் சிங்கிளாக விட்டு வானொலியில் ஓட்டவில்லை. தலைப்பு ‘வென் ஐ சா யூ லீவிங்’, பக்கத்தில் ‘நீசிக்காக’ என்று வீட்டில் கூப்பிடும் பெயர். ‘நீ கிளம்புவதை நான் பார்த்தபோது’ என்று தமிழில் சொல்லலாம். 2003இல் முதல் சரணத்தோடு விட்டுவந்த ‘நான்’ என்ற சொல்லும் ‘நீ’ என்ற சொல்லும் தலைப்பிலேயே தனித்தனியாக நிற்கின்றன.